மிஸஸ் ஹனியின் பக்கத்து வீட்டுக்காரி

பெரில் ஹார்கிரீவ்ஸ் ஓஹையோவுக்குக் குடிவந்த மூன்றாம் நாள், சமையலறையில் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே தலைமுடி கலைந்து நின்றிருந்தபோது, பின்கதவு தானாகத் திறந்தது. தட்டல் இல்லை, மணிச்சத்தம் இல்லை. துணி சுற்றிய ஒரு கண்ணாடிப் பாத்திரம் முதலில் உள்ளே வந்தது. அதைப் பிடித்தபடி ஒரு பெரிய உடம்பு பின்னால் வந்தது.

"பயந்துடாதே, நான்தான்!" என்றாள் வந்தவள், பத்து வருஷம் பழகியவள் போல. "லவோன் டிட்மர். பக்கத்து வீடு. நீ பெரில்தானே? தபால்காரர் சொன்னாரு. ஹனி, உன்னைப் பாத்தா சாப்பிட்டே ரெண்டு நாள் ஆன மாதிரி இருக்கு."

பெரில் "வணக்கம், மிஸஸ் டிட்மர், நீங்க எதுக்குச் சிரமப்பட்டு..." என்று ஆரம்பித்து முடிப்பதற்குள், லவோன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பால் புட்டியை நகர்த்தி, தன் பாத்திரத்துக்கு இடம் பண்ணிவிட்டாள். கோழியும் நூடுல்ஸும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு சிப்ஸை நொறுக்கித் தூவிச் சுட்ட பதார்த்தம். பிறகு அவளே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் பெரிலுக்குத் தெரிந்துபோன செய்திகள்: கணவன் டுவெய்ன் லாரி ஓட்டுகிறான், லவோனுக்குப் போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், மகன் ராட்னி டெக்சஸில் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தியோடு வாழ்கிறான், அம்மாவுக்கு போன் பண்ணுவதில்லை. ராட்னி என்று சொல்லும்போது லவோனின் கண் கலங்கியது. அடுத்த நொடியே வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, "உன் பேச்சு என்ன அழகா இருக்கு! இன்னும் ஏதாவது பேசேன்" என்றாள்.

பெரில் இங்கிலாந்தின் வடக்கே, ஹெல்ம்ஷா என்ற நெசவாலை ஊர்க்காரி. அங்கே மிஸஸ் பிக்கப் என்பவளுக்குப் பக்கத்து வீட்டில் பதினான்கு வருஷம் குடியிருந்தாள். மிஸஸ் பிக்கப் தன் ரோஜாச் செடிகளுக்கு என்ன உரம் போடுவாள் என்பது தெரியும். அவள் கணவன் இறந்துபோன செய்தி, கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை காய்வது நின்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்கும் பெரில் துக்கம் விசாரிக்கவில்லை. வேலிக்கு மேலாக "குளிர் வந்துடுச்சு" என்றாள். "ஆமாம், வந்துடுச்சு" என்றாள் மிஸஸ் பிக்கப். அதற்குள்ளேயே எல்லாம் அடங்கிவிட்டது. ஹெல்ம்ஷாவில் அதற்கு நல்ல மரியாதை என்று பெயர்.

பெரிலின் கணவன் டெரிக் கண்ணாடித் தொழிற்சாலைப் பொறியாளர். கம்பெனி இரண்டு வருஷத்துக்கு இங்கே அனுப்பியிருந்தது. சாயந்திரம் அவன் வந்ததும் பெரில் நடந்ததை நடித்தே காட்டினாள். டெரிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பின் சூட்டோடு பெரில் தன் பள்ளித் தோழி எனிட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள்.

எனிட்தான் ஹெல்ம்ஷா சர்ச்சின் மாத மடலைத் தட்டச்சு செய்து வெளியிடுகிறவள். ஞானஸ்நானம், கல்யாணம், பூ அலங்கார முறைவரிசை, கேக் செய்முறை, இதுதான் அதில் இருக்கும். நவம்பர் மடலில் பெரிலின் கடிதத்தை அப்படியே போட்டுவிட்டாள். "எல்லாரும் கண்ல தண்ணி வரச் சிரிச்சாங்க. இன்னும் எழுது" என்று பதில் வந்தது.

இப்படித்தான் மிஸஸ் ஹனி பிறந்தாள். தபால்காரரையும் செல்லமாக ஹனி என்பாள் லவோன், நாய் வைத்தியரையும் ஹனி என்பாள், அவள் காரை இடித்துவிட்டு இறங்கி வந்தவனையும் ஹனி என்றாள். எனவே அந்தப் பெயர்.

எழுதுவதற்குக் குறைவே இல்லை. லவோன் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்து பிஸ்கட் என்று ஒன்றை வைத்தாள். பிஸ்கட் என்றால் பிஸ்கட் இல்லை, மெத்தென்று உப்பிய ரொட்டி. அதன் தலையில் மாவும் பாலும் பன்றிக் கொத்துக்கறியும் சேர்ந்த வெள்ளைக் குழம்பைக் கொட்டினாள். தேநீர் கேட்டதற்கு, உயரமான கண்ணாடித் தம்ளரில் பனிக்கட்டி போட்டு, சர்க்கரையும் போட்டு, ஜனவரி மாதத்தில் நீட்டினாள். பெரில் தபால் நிலையத்துக்கு நடந்து போனபோது மூன்று கார்கள் பக்கத்தில் வந்து நின்று, கார் ரிப்பேரா, வீட்டில் ஏதாவது தகராறா என்று விசாரித்தன. அந்த ஊரில் கால் என்பது காரின் பெடலை அழுத்துவதற்கு. பாங்கில்கூடக் காரைவிட்டு இறங்க வேண்டியதில்லை.

பூசணிக்காய் கேக் விவகாரமும் இருந்தது. முதல் துண்டைத் தின்றுவிட்டு பெரில், "ம், பரவாயில்லையே" என்றாள். ஹெல்ம்ஷாவில் அதற்கு, இன்னொரு துண்டு வேண்டாம் என்று பொருள். ஓஹையோவில் அதற்கு, இதைவிடச் சுவையானதை நான் தின்றதே இல்லை என்று பொருள்போல. அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஒரு முழு கேக் வந்தது. டெரிக் அதைக் காகிதத்தில் சுற்றி தொழிற்சாலைக்கு எடுத்துப்போனான். இதுவும் டிசம்பர் மடலில் வந்தது.

ஒருநாள் டெரிக் மட்டும் கேட்டான், "அந்தப் பொம்பள என்னிக்காவது இதப் படிச்சுட்டா?"

"ஹெல்ம்ஷாவுல இருநூறு பேரு படிக்கிறாங்க. அதுல பாதிப்பேருக்குக் கண்ணு தெரியாது" என்றாள் பெரில்.

ஜனவரிக் கடைசியில் பனிப்புயல் வந்தது. கதவுப்பிடி உயரத்துக்குப் பனி. டெரிக் இரண்டு நாளாக "லேசா வயித்த வலி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். லேசாக என்று அவன் சொன்னதால் பெரிலும் லேசாகவே எடுத்துக்கொண்டு, தேநீர் போட்டுத் தந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், மெழுகுவத்தி இருக்கிறதா என்று பார்க்க வந்த லவோன், சோபாவில் சுருண்டு கிடந்தவனின் முகத்தைப் பார்த்தாள்.

"ஹனி, இது வயித்த வலி இல்ல. இந்த மனுஷன் சாகக் கெடக்கான்" என்றாள். வாசலுக்குப் போய், தெருவே அதிர, "டுவெய்ன்!" என்று கூப்பிட்டாள்.

டுவெய்ன் லாரியின் முன்னால் பனி தள்ளும் இரும்புத் தகட்டை மாட்டினான். பதினைந்து நிமிஷத்தில் போகும் ஆஸ்பத்திரிக்கு அன்று ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அறுவை மருத்துவர் பின்னால் சொன்னார்.

அறுவை நடந்த நேரம் முழுக்க லவோன் ஆஸ்பத்திரி நடையில் சும்மா இருக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு முன்பின் தெரியாத விவசாயியிடம் போய் அவன் மனைவிக்கு என்ன என்று கேட்டாள். அவன் கையை ஒரு கையிலும் பெரிலின் கையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, நர்சுகள் திரும்பிப் பார்க்கும்படி உரக்க ஜெபம் பண்ணினாள். ஜெபமா அது? வாங்கின உதவியை மறந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்பதுபோல ஆண்டவரைக் கேட்டாள். மருத்துவர் வெளியே வந்து பிழைத்துவிட்டார் என்றதும் அவரை அப்படியே கட்டிக்கொண்டாள். அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஜெபத்தின் பாதியில் பெரில் உடைந்துபோனாள். நாற்பது வயதை நெருங்கும் பெண், தன் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நடந்தவள், லவோனின் தடித்த கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தைபோல் கேவினாள். அந்தக் கோட்டில் டீசல் நெடியும் லவங்கப்பட்டை வாசனையும் கலந்திருந்தன. "அவன் இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன் லவோன்? எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். மிஸஸ் டிட்மர் என்று சொல்லவில்லை. லவோன் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, மூக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அடுத்த மூன்று நாளும் தன் வீட்டை விட்டுவிட்டு பெரிலோடு இருந்தாள். சமைத்தாள், டெரிக்கின் உள்ளாடைகளைத் துவைத்து மடித்தாள்.

டெரிக் வீடு திரும்பிய பின் பெரிலுக்கு லவோனை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. உடுப்பில்லாமல் யார் கண்ணிலோ பட்டுவிட்டதுபோல உடம்பு கூசியது. இரண்டு நாள் அப்படிக் கழிந்தது. மூன்றாம் நாள் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தாள். அவிழ்ந்த உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொள்வதுபோல எழுதினாள்.

'மிஸஸ் ஹனி கடவுளை அதட்டுகிறாள்' என்பது தலைப்பு. அதில் விவசாயி இருந்தான், நர்சுகள் இருந்தார்கள், மருத்துவரின் மூக்குக் கண்ணாடி விழுந்து உடைந்தே போனது. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, டிராக்டர்களைப் பற்றிய ஒரு பழைய பத்திரிகையைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு, இந்த அமளி எப்போது ஓயும் என்று பொறுமையாகக் காத்திருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் இருந்தாள். அழுத பெண் மட்டும் அதில் இல்லை.

எனிட் எழுதினாள்: "இதுவரை எழுதினதுலயே இதுதான் உச்சம். பாதிரியார் மாதர் சங்கத்துல வாசிச்சுக் காட்டினாரு. மிஸஸ் பிக்கப் தேநீரையே கொட்டிட்டா."

டெரிக் அந்த மடலைப் படித்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நீ பத்திரிகை படிச்சிட்டு உக்காந்திருந்தியா?"

"ஏதோ ஒண்ணு எழுதணுமே."

அவன் மடலை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து போய்விட்டான். பெரிலுக்கு அன்றே சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றதை உடனே கவனிக்காமல் விடுவதற்கு அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

கோடையில் ஒருநாள் உள்ளே வந்த லவோன், கையில் பெரிலின் தபாலை வைத்துக்கொண்டு நின்றாள். நீல நிற விமானத் தபால் உறை. பின்பக்கம் எனிட்டின் முகவரி.

"நீ எழுதறியாமே! டெரிக்தான் வாய் தவறிச் சொன்னாரு. ஏன் என்கிட்ட சொல்லல, கள்ளி?"

"அது ஒண்ணுமில்லீங்க. சும்மா... இங்கத்து வானிலை, அது இது."

"வானிலையப் பத்தியே எழுதினாலும் எழுத்தாளர் எழுத்தாளர்தான்" என்றாள் லவோன். அந்த வாரத்துக்குள் மளிகைக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் நூலகத்திலும், எங்கள் தெருவில் ஓர் எழுத்தாளர் இருக்கிறாள், இங்கிலாந்தில் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று பரவிவிட்டது. மளிகைக் கடைப் பெண் பெரிலிடம் கையெழுத்து வாங்கினாள்.

செப்டம்பரில் பெரிலுக்கு நாற்பது வயது முடிந்தது. தன் பிறந்தநாளை யாரும் கவனிக்காமல் போனால் போதும் என்றிருந்தவளை, மாவு கடன் கேட்கப் போகலாம் வா என்று டெரிக் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போனான். கதவைத் திறந்தால் முப்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். பெரிலுக்கு உயிர் போய் உயிர் வந்தது. காகிதத் தொப்பி, பலூன், அவள் பெயர் எழுதிய கேக், எல்லாம் இருந்தது. லவோனின் சிரிப்பு மட்டும் இல்லை. லவோன் இருந்தாள், எல்லாருக்கும் தட்டு கொடுத்தாள், வாய் சிரித்தது. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் பெரில் கேலி பண்ணிப் பண்ணியே மனப்பாடம் பண்ணிவைத்திருந்த சிரிப்பு அது இல்லை.

நூலகர் மிஸ் ஓப்பல் ஃபென்னர் ஒல்லியான வயதான பெண். அவள் கேட்டாள், "என்ன லவோன், நான் எப்ப வாசிக்கணும்? ஒரு மாசமா ரகசியம் ரகசியம்னு சொல்லிட்டிருந்தியே. ரெண்டு கண்ணாடி எடுத்துட்டு வந்திருக்கேன்."

"தபால் வரல" என்றாள் லவோன், கேக் வெட்டும் கத்தியைப் பார்த்தபடி. பொய் சொல்லிப் பழகாதவள் சொன்ன பொய். பிறகு ஒரு துண்டை வெட்டி பெரிலிடம் நீட்டினாள். "சாப்பிடுங்க, மிஸஸ் ஹார்கிரீவ்ஸ்."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று எல்லாரும் சிரித்தார்கள். பெரிலும் சிரித்தாள். ஆனால் லவோன் ஏன் திடீரென்று அப்படிக் கூப்பிட்டாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒரு வாரம் கழித்து எனிட்டின் கடிதம் வந்தபோது புரிந்தது. "உன்னோட மிஸஸ் ஹனி எனக்கு எழுதியிருந்தா, தெரியுமா? உன் பிறந்தநாளுக்கு எல்லா மடலையும் சேர்த்து ஒரு புத்தகமா தச்சு, விருந்துல வாசிக்க வைக்கணுமாம். என்ன பெருந்தன்மை! தன்னைப் பத்தித் தானே இப்படிச் சிரிக்க எத்தனை பேரால முடியும்? பதினோரு இதழையும் விமானத் தபால்ல அனுப்பிட்டேன். நிஜ மிஸஸ் ஹனிக்கு ஹெல்ம்ஷாவின் அன்புன்னு ஒரு சீட்டும் வச்சேன்."

பெரில் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு தன்னிடம் இருந்த பதினோரு இதழ்களையும் எடுத்தாள். ஒவ்வொரு வரியையும் லவோனின் கண்ணால் படித்தாள். எழுதும்போது தேனாக இருந்த வரிகள் இப்போது ஒவ்வொன்றும் கன்னத்தில் அறைந்தன. ராட்னியைப்பற்றி ஒரு வரி இருந்தது. 'மிஸஸ் ஹனியின் மகன் போன் பண்ணாத காரணம் எனக்குத் தெரியும். பண்ணினால் போனைக் கீழே வைக்க முடியாது.' இதை எழுதியது தன் கைதானா?

அந்தப் பிறந்தநாளிலிருந்தே லவோன் மாறிப்போயிருந்தாள். பின்கதவு தானாகத் திறப்பது நின்றது. வருவதற்கு முன் போன் பண்ணினாள். வந்தால் முன்வாசலில், மணியடித்துவிட்டு, படிக்குக் கீழே இறங்கி நின்றாள்.

"உங்களுக்கு வந்த தபால் எங்க பெட்டில கெடந்துச்சு, மிஸஸ் ஹார்கிரீவ்ஸ்."

"ரொம்ப நன்றி. உள்ள வாங்களேன்."

"வேலை கெடக்கு. குளிர் வந்துடுச்சு."

"ஆமாம். வந்துடுச்சு."

வந்த நாளிலிருந்து எப்படிப்பட்ட பக்கத்து வீட்டுக்காரி வேண்டும் என்று பெரில் ஏங்கினாளோ, அப்படிப்பட்ட ஒருத்தி கிடைத்துவிட்டாள். வியாழக்கிழமைகளில் கேக் வரவில்லை. சமையலறையில் கடிகாரச் சத்தம் கேட்டது. பெரில் ஒரு பூந்தொட்டி வாங்கி, 'அன்புடன்' என்று மட்டும் எழுதிய அட்டையோடு லவோனின் வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். மறுநாள் 'நன்றி' என்று மட்டும் எழுதிய அட்டை அவள் வாசலில் கிடந்தது.

"போய்ப் பேசு" என்றான் டெரிக்.

"என்னன்னு பேச?"

"நம்ம ஊரா இருந்தா பேசாமலே நாப்பது வருஷம் ஓட்டிடலாம். இங்க அது செல்லாது."

அக்டோபர் நடுவில் ஒருநாள் காலை, பெரில் லவோன் வீட்டுப் பின்கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே போனாள். லவோன் ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"கதவ தட்டலயே?"

"தட்டினா நீங்க வெளிய வந்து குளிரப் பத்திப் பேசுவீங்க." பெரில் கதவைச் சாத்தினாள். "எனிட் எழுதியிருந்தா. உங்களுக்கு எல்லாம் வந்து சேர்ந்ததுன்னு எனக்குத் தெரியும்."

லவோன் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, இழுப்பறையிலிருந்து பதினோரு மடல்களையும் எடுத்து மேஜைமேல் போட்டாள். பிறந்தநாளுக்கென்று வாங்கிய சிவப்பு நாடாவால் அழகாகக் கட்டியிருந்தாள்.

"உக்காரு" என்றாள். "பிஸ்கட்டப் பத்தி எழுதினது நெஜமாவே சிரிப்பா இருந்துச்சு. டுவெய்னுக்கு வாசிச்சுக் காட்டினேன், அவனுக்கு மூக்குல காப்பி ஏறிடுச்சு. நான் சத்தக்காரிதான். குண்டுதான். எங்கம்மாவே என்னை ஒலிபெருக்கின்னுதான் கூப்பிடுவா. கேக் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாம், ஒரு வருஷமா நானும் முட்டை உடைச்சிருக்க மாட்டேன். அதுவும் போகட்டும். ராட்னியப் பத்தி எழுதினது வலிச்சுது. ஆனா அவனே அதைவிட மோசமாச் சொல்லியிருக்கான்."

அவள் நாடாவை அவிழ்த்து, நடுவிலிருந்து ஒன்றை உருவினாள். மார்ச் மடல், ஆஸ்பத்திரியைப் பற்றியது.

"இத டுவெய்னுக்கு வாசிக்கல."

பெரில் தரையைப் பார்த்தாள்.

"நீ அன்னிக்கு டிராக்டர் பத்திரிகை படிச்சியா?"

"இல்லீங்க."

"பின்ன என்ன பண்ணினே?"

"அழுதேன்."

"எங்க?"

"உங்க தோள்ல."

"அத ஏன் எழுதல?"

அடுப்பில் ஆப்பிள் கொதித்துக்கொண்டிருந்தது. லவோன் எழுந்து தீயைக் குறைத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.

"வெக்கமா இருந்துச்சு" என்றாள் பெரில்.

"அழுததுக்கா? இல்ல, என் தோள்ல அழுததுக்கா?"

அழுததற்குத்தான் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் லவோன் நம்பியிருப்பாள். யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவள் அவள். 

"ரெண்டுக்கும்" என்றாள் பெரில்.

லவோன் தலையை ஆட்டிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. "நான் நெனைச்சேன்" என்றாள்.

"ஸாரி. நான் ரொம்ப ரொம்ப ஸாரி."

"ஹனி, நீ ஒரு நாளைக்கு நாப்பது தடவை அதச் சொல்றே. என் நாய் உன் கால மிதிச்சதுக்கு நீ நாய்கிட்ட ஸாரி சொன்னே. இது எந்த ஸாரி?"

பெரிலிடம் வேறு சொல் இல்லை. பிறந்ததிலிருந்து சில்லறைபோல் வாரி இறைத்துத் தீர்த்துவிட்ட சொல்லை, தேவைப்படும் நாளில் எங்கே போய்த் தேடுவது? அவள் கையை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுதால் லவோன் வந்து அணைத்துக்கொள்வாள் என்று தெரிந்திருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு அழாமல் இருந்தாள். அதை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்ளக் கூடாது.

"நான் மன்னிச்சாச்சு" என்றாள் லவோன், மறுபடி கத்தியை எடுத்து. "போன ஞாயித்துக்கெழம சர்ச்சுல உக்காந்து மன்னிச்சேன். மன்னிக்காம இருந்தா எனக்கு சோறு எறங்காது. ஆனா மறக்கறது வேற. அது என் கையில இல்ல."

பெரில் வீட்டுக்கு வந்ததும் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி நடையில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். கோட்டின் வாசனை, மூக்கைத் துடைத்த கைக்குட்டை, ஒன்றுவிடவில்லை. எனிட்டின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. "மனசைத் தொட்டது, பெரில். ஆனா மடலுக்குச் சரிவருமான்னு தெரியல. படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கும், இல்லையா? மிஸஸ் ஹனியோட வான்கோழி விருந்தப் பத்தி ஒண்ணு அனுப்பேன்." இனி எழுதுவதாக இல்லை என்று பெரில் இரண்டு வரி எழுதிப் போட்டாள். அச்சேறாத அந்தத் தாள்களை லவோனிடம் காட்டலாமா என்று யோசித்தாள். காட்டினால் மதிப்பெண் கேட்பதுபோல இருக்கும் என்று பட்டது. அடுப்பில் போட்டாள்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் லவோன் மறுபடி பின்கதவு வழியாக வர ஆரம்பித்தாள். ஹனி என்று கூப்பிட்டாள். தபால்காரரைக் கூப்பிடும் அதே ஹனி. பனியைப் பற்றிப் பேசினாள், மாட்டிறைச்சி விலையைப் பற்றிப் பேசினாள். சிரித்தாள். ராட்னி என்ற பெயர் மட்டும் அவள் வாயில் வரவில்லை. பேச்சு எங்கேயாவது ஆழத்துக்குப் போனால், பாதியில் ஒரு கண் பெரிலின் கைகளைப் பார்க்கும், அதில் பேனா இருக்கிறதா என்பதுபோல. உடனே பேச்சு திசை மாறும்.

பிப்ரவரியில் ஒருநாள் நூலகத்தில் மிஸ் ஃபென்னர் முத்திரை குத்தியபடி சொன்னாள், "பாவம் லவோன். தங்கச்சி போனதுல இருந்து நடைப்பொணமா இருக்கா. நாளைக்கு அடக்கத்துக்கு நீங்க வர்றீங்கதானே?"

"எந்தத் தங்கச்சி?"

மிஸ் ஃபென்னர் நிமிர்ந்து பார்த்தாள். "மார்லிஸ்! புத்துநோய். செப்டம்பர்லயே கண்டுபிடிச்சாங்களே. வாராவாரம் லவோன் போய்ப் போய்ப் பாத்துட்டு வந்தாளே... உங்களுக்குத் தெரியாதா?"

தபால்காரருக்குத் தெரியும். பாங்கு ஜன்னலிலிருந்து காருக்குள் பணம் நீட்டும் பெண்ணுக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரிக்குத் தெரியும். ஊருக்கே சொல்லியிருக்கிறாள் லவோன், தன் வழக்கப்படி, கண் கலங்கி, கையைப் பிடித்துக்கொண்டு. பக்கத்து வீட்டில் இருக்கிறவளுக்கு மட்டும் ஐந்து மாதமாகச் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் லவோனின் கார் புறப்படுவதை பெரில் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். எங்கே போகிறாய் என்று கேட்பது மரியாதை இல்லை என்று கேட்காமல் இருந்திருக்கிறாள்.

அடக்கம் முடிந்து லவோன் வீட்டில் கூட்டம். பெரில் கறுப்பு உடையில் போனாள். கூடத்தில் லவோனைச் சுற்றி பத்துப் பேர், ஆளுக்கொரு பக்கம் அணைத்தபடி நின்றார்கள். அதற்குள் புகுந்து போகும் தைரியம் பெரிலுக்கு வரவில்லை; அதற்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. சமையலறைக்குப் போனாள். தொட்டி நிறையப் பாத்திரங்கள். கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுக் கழுவ ஆரம்பித்தாள். ஒரு தொட்டி முடிந்தால் அடுத்தது வந்தது. இரண்டு மணி நேரம் கழுவியிருப்பாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கிவிட்டன.

கூட்டம் குறைந்த பிறகு லவோன் உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பெரிலைப் பார்த்து நின்றாள். பிறகு ஒரு துண்டை எடுத்து, பக்கத்தில் நின்று ஈரத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியாது, லவோன்" என்றாள் பெரில். "தெரிஞ்சிருக்கணும். கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

"ம்."

நாலைந்து தட்டு கை மாறியது.

"கடைசி நாள் அவ என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள் லவோன்.  "என்னைக் கிட்ட கூப்பிட்டு..."

நின்றுவிட்டாள். துண்டைக் கையில் முறுக்கினாள். பெரில் திரும்பவில்லை. தண்ணீரையே பார்த்திருந்தாள். எழுதுவதை விட்டுவிட்டேன், சத்தியமாக விட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அது இன்னொரு ஸாரிதான்.

"வேணாம்" என்றாள் லவோன் மெதுவாக. "இது எனக்கே இருக்கட்டும்."

"சரி" என்றாள் பெரில்.

லவோன் கூடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. துடைத்த தட்டை அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததற்குக் கை நீட்டினாள். பெரில் எடுத்துக் கொடுத்தாள்.